ரங்கூன் ஹரிஹரன் காலமானார்

வாசலில் பினாயில் கலந்த தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி வைத்து அரை மணிகூட ஆகவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி மாமி தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் அதில் இறக்கி நிற்க வைத்துவிட்டாள்.

"மாமி, அது சும்மா கால் நனைக்கறதுக்கு," என்றார் சேஷய்யர், உள்ளேயிருந்தபடியே.

"நனைச்சுண்டுதானே இருக்கா. பெரியவனுக்குச் சேத்துப்புண். என்ன போட்டாலும் ஆறலை. இதுல சித்த ஊறட்டும், கேட்டோ?"

"அது வைசூரிக் கிருமிக்காக வெச்சிருக்கு மாமி."

"வைசூரியே சாகும்னா சேத்துப்புண் சாகாதா? நாலாம் ஆத்துப் பசங்களையும் வரச் சொல்லியிருக்கேன். அவாளுக்கும் இருக்கு."

மத்தியானத்துக்குள் கிழக்கேகோட்டையை ஒட்டிய அந்த அக்ரஹாரத் தெருவில் புண்ணுள்ள கால்கள் அத்தனையும் சேஷய்யர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. யாரும் தன் வீட்டுப் பக்கம் வராமலிருக்க அவர் செய்த முதல் ஏற்பாடு இது.

மீன மாதம், அதாவது பங்குனி, பிறந்ததிலிருந்து திருவனந்தபுரத்தில் வைசூரி பரவிக்கொண்டிருந்தது. சாலைக் கடைவீதியில் நாலு பேருக்கு என்று காலையில் சொன்னவர்கள் சாயங்காலம் நாற்பது என்றார்கள். இரண்டையும் சத்தியம் பண்ணிச் சொன்னார்கள். வியாதி காற்றில் வருகிறது என்று நம்பியவர்கள் ஜன்னல்களை மூடினார்கள். காற்று போதாமல் வருகிறது என்று நம்பியவர்கள் திறந்தார்கள். பல வீடுகளில் இந்த இரண்டு கட்சியும் புருஷனும் பெண்டாட்டியுமாக இருந்தபடியால் ஜன்னல் கீல்கள்தான் முதலில் போயின. சட்டைப் பையில் கற்பூரம் வைத்துக்கொண்டார்கள். வேப்பங்கொழுந்தை வெறும் வயிற்றில் தின்றுவிட்டு நாள் முழுவதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிந்தார்கள்.

சேஷய்யர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. பயப்படுவதைக்கூட ஃபைல் போட்டுப் பயப்படுகிறவர். பேப்பரில் வைசூரி பற்றி வந்த துண்டுகளையெல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டியிருந்தார். அந்த நோட்டு சொன்னபடி வீட்டில் பினாயில், சுண்ணாம்பு, கந்தகம், சாம்பிராணி, யூகலிப்டஸ் தைலம் எல்லாம் வாங்கி அடுக்கியாகிவிட்டது. பர்மாங்கனேட் தண்ணீரில் துணி அலச வேண்டும் என்று எங்கேயோ படித்ததிலிருந்து வீட்டிலிருந்த வேஷ்டிகள் அத்தனையும் ரோஸ் நிறமாகிவிட்டன. அந்த ரோஸ் வேஷ்டியைக் கட்டிக்கொண்டு அவர் கச்சேரிக்குப் போனார். அங்கே கேலி செய்தவர்களைப் பார்த்து, இவர்கள் எல்லாரும் சீக்கிரம் சாகப்போகிறார்கள் என்று மனதுக்குள் இரக்கப்பட்டார்.

சிரிக்கலாம். ஆனால் அவருடைய பயத்துக்கு நாலு வயதில் ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண், சூடாமணி. அவளுக்கு உடம்பெல்லாம் கரப்பான். கரப்பான் காய்ந்த பிறகுதான் அம்மை குத்தலாம், இன்னும் பத்து நாளாவது ஆகும், அதுவரைக்கும் வெளி மனிதர்கள் யாரும் குழந்தையின் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சேஷய்யர் சின்ன வயதில் தம்பியை வைசூரியில் பறிகொடுத்தவர். அவனை வாழையிலையில் கிடத்தியிருந்ததையும் அவன் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டதையும் முப்பது வருஷமாகியும் அவரால் மறக்க முடியவில்லை. சூடாமணி தும்மினால்கூட எழுந்துபோய் அந்த நோட்டைப் புரட்டுவார். பத்து நாளைக்கு ஒருவரும் வீட்டுக்குள் வரக் கூடாது, பத்தாம் நாள் அம்மை குத்துகிறவர் வர வேண்டும். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இவ்வளவையும் அந்தத் தெருவில் ஒருவர் கேட்டுப் பெற முடியாது. அங்கே ஒருவர் வீட்டுக்கு மற்றவர் வருவதற்குக் காரணம் தேவையில்லை. உறைமோர் தீர்ந்துபோனால் வருவார்கள். மோர் இருந்தால், இருக்கிறது என்று சொல்ல வருவார்கள். கோவில் சாமான்கள் வைக்கும் உக்கிராணத்தில் வேலை பார்க்கும் அனந்தபத்மநாபன் தினம் காலையில் பேப்பர் படிக்க வருவார். அவர் சேஷய்யருக்குப் பங்காளி முறை. தெருவுக்கே அனந்து அண்ணா. பேப்பரை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார். வராதீர்கள் என்று வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

பினாயில் தாம்பாளம் தோற்றுப்போன அன்று சாயங்காலம் அடுக்களையில் மனைவி சீதாலக்ஷ்மியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சீதா, தீட்டுன்னு சொல்லிட்டா என்ன?"

"என்ன தீட்டு?"

"பங்காளி ஒருத்தன் போயிட்டான்னு. பத்து நாள் நம்மாத்துல யாரும் பச்சைத் தண்ணி தொட மாட்டா. உறைமோர் கேக்க மாட்டா. எவ்வளவு நிம்மதி பாரு."

"துக்கம் கேக்க வருவாளே."

"கூடப்பிறந்தவன் போனாலா? கண்ணால பாக்காத பங்காளிக்கு யாரு வரப்போறா? வாசல்ல நின்னு 'அய்யோ பாவம்'னுட்டுப் போயிடுவா."

"அப்படின்னா பிறந்த தீட்டுன்னு சொல்லுங்கோ. அதுக்கு அழறதுக்கு ஒருத்தரும் வரமாட்டா."

"பிறந்ததுன்னா ஆணா பெண்ணா, யார் ஜாடை, என்ன நட்சத்திரம்னு குடைவா. செத்தவனை யாரும் நட்சத்திரம் கேக்க மாட்டா."

சீதாலக்ஷ்மி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷன் யோசித்து முடிவு பண்ணிவிட்டான் என்றால் மேற்கொண்டு பேசுவது அடுப்பில் இருக்கும் ரசத்துக்குக் கெடுதல் என்பது அவள் அனுபவம்.

அடுத்தது யாரைக் கொல்வது என்பது. கையெட்டும் தூரத்தில் இருந்த பங்காளிகள் எல்லாரும் துரதிர்ஷ்டவசமாக நல்ல தேக திடத்துடன் இருந்தார்கள். கடைசியில் ரங்கூன் ஹரிஹரன் அகப்பட்டான். கொள்ளுத் தாத்தா வழியில் பங்காளி. இருபது வயதில் கப்பலேறிப் போனவன், அப்புறம் ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. இருக்கிறானா போனானா என்றே தெரியாதவனைச் சாகடிப்பதில் பாவம் பாதிதான் என்று சேஷய்யர் கணக்குப் போட்டார். கடிதத்தில் தாமதமாக வந்த சாவுச் செய்தி என்றால் தீட்டு மூன்று நாளோடு போய்விடும் என்பதால் தந்தி என்று வைத்துக்கொண்டார். சர்க்கார் வேலை செய்கிறவர் இல்லையா, விதியைப் பார்த்துத்தான் பொய் சொல்வார்.

கச்சேரிக்குப் பத்து நாள் லீவு எழுதி அனுப்பினார். ஹரிஹரன் மாரடைப்பில் போய்விட்டான், தந்தி வந்தது என்று நாகலக்ஷ்மி மாமியிடம் மட்டும் சொன்னார். தெருவுக்கு அது போதும்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை எட்டரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அனந்து அண்ணா நின்றார். பின்னால் அவர் மனைவி, ஐந்து குழந்தைகள், ஒரு விதவைத் தங்கை.

"ஹரி போயிட்டானாமேடா," என்றார் அனந்து அண்ணா, தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

"போயிட்டார் அண்ணா. நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்..."

"நாலு வீடு ஒரு தூரமா? எனக்கும் பத்து நாள் தீட்டு இல்லையோ? உக்கிராணத்துல சொல்லிட்டு வந்துட்டேன். தீட்டுக்காரா தீட்டுக்காராளோட இருக்கறதுதான் ஒழுங்கு. பத்து நாளும் இங்கேயே இருந்துட்டுச் சாயங்காலமா ஆத்துக்குப் போறோம்."

"சாப்பாடு?"

"ஒரே தீட்டுதானே, சேர்ந்து சாப்பிடலாம். சாஸ்திரத்துல தடையில்லை. சாரமில்லை, பரவாயில்லை, நீ ஒண்ணும் விசேஷமாப் பண்ணாதே."

எட்டுப் பேரும் உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து முடிப்பதற்குள் நாகலக்ஷ்மி மாமி பிள்ளைகளோடு வந்தாள். நாலாமாத்துக்காரர்கள் வந்தார்கள். மேலண்டைக் கோடி வீட்டிலிருந்து, சேஷய்யரோடு ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வந்தார்கள். ஒன்பது மணிக்குக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை.

சேஷய்யர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குள் ஓடி, அரிசிப் பானைக்கும் புளிப் பானைக்கும் நடுவில் அவளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்.

"இங்கேயே இருடி செல்லம். வெளியில வராதே."

"ஏம்பா?"

"மாமா ஒருத்தர் செத்துப் போயிட்டார்."

"எந்த மாமா?"

"உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

வெளியே வந்தால் நாகலக்ஷ்மி மாமி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "தெருக்கதவை யாராவது சாத்துங்கோளேன். துக்க வீட்டைத் தெருவே பாக்கணுமா?" என்றாள். யாரோ சாத்தினார்கள். ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல் படும்படி முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் இருந்த கொஞ்சநஞ்சம் காற்றும் நின்றது. காற்றோட்டம் பற்றித் தம் நோட்டில் எட்டுத் துண்டுகள் ஒட்டி வைத்திருந்த சேஷய்யர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்த்து எல்லாரும் உருகிப்போனார்கள்.

"பாவம், அப்படியே இடிஞ்சு போயிட்டான்," என்றார் அனந்து அண்ணா.

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் எழுந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். அனந்து அண்ணா குடும்பம் மட்டும் இலை போடக் காத்திருந்தது. மற்றவர்கள் வீட்டுக்குப் போய் ஸ்நானம் செய்வார்கள். வந்துவிட்டுப் போய்க் குளிக்கிறவர்கள், குளித்துவிட்டு வந்தால் என்ன என்று சேஷய்யருக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியிலும் செவ்வாயிலும் துக்கம் விசாரிக்கக் கூடாது. அந்த நம்பிக்கையில் சேஷய்யர் சூடாமணியைக் கூடத்தில் விளையாட விட்டிருந்தார். எட்டரைக்குக் கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்றார், கதவைப் பாதி திறந்து, பாதியில் நின்றுகொண்டு.

"தெரியும். தேசாந்தரத்துல போனவாளுக்கு நாள் பாக்கறதில்லை," என்று சொல்லிக்கொண்டே அனந்து அண்ணா மீதிப் பாதியில் நுழைந்தார். தெரு முழுவதும் அவர் பின்னால் நுழைந்தது. சேஷய்யர் மறுபடியும் குழந்தையோடு சாமான் அறைக்கு ஓடினார்.

அன்றைக்கு ஹரிஹரனைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தது. முந்தின நாள் யாருக்கும் அவன் முகம் ஞாபகமில்லை. இன்றைக்கு எல்லாருக்கும் வந்துவிட்டது. பத்மதீர்த்தக் குளத்தில் அவன் இந்தக் கரையில் மூழ்கி அந்தக் கரையில் எழுவான் என்றார் நாலாமாத்துக்காரர். தனக்கு வளைகாப்பு நடந்தபோது பலாப்பழம் சுமந்து வந்து கொடுத்தான் என்றாள் நாகலக்ஷ்மி மாமி. அவளுக்கு வளைகாப்பு நடந்தபோது அவன் கப்பலேறிப் பதினைந்து வருஷமாகியிருந்தது. அடுத்த வாரத்துக்குள் ஹரிஹரன் ரங்கூனில் வக்கீலாகி, ஜட்ஜியாகி, வெள்ளைக்காரர்களை நிற்க வைத்துப் பேசுகிறவனாகிவிட்டான். தான் கொன்றது எவ்வளவு பெரிய மனிதனை என்று சேஷய்யருக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை அவர் வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார். தீட்டைக் குறைத்துவிடுவது என்று முடிவு.

"வாத்தியாரே, ஒரு தப்பு நடந்துபோச்சு. வந்தது தந்தியில்லை, கடுதாசி. அவர் போய் ஒரு மாசமாச்சு. அப்போ தீட்டு மூணு நாள்தானே? இன்னியோட மதியே, போதுமே?"

"எந்த நட்சத்திரத்துல போனார்?" என்றார் வாத்தியார்.

சேஷய்யர் திகைத்தார். "அது... எழுதலை."

"பிள்ளை உண்டா?"

ஆட்களைக் கூட்டினால் வம்பு என்று நினைத்து, "பிள்ளையில்லை, பெண்டாட்டியில்லை, ஒருத்தரும் இல்லை," என்றார் சேஷய்யர்.

"சிவ சிவ. அனாதையாப் போயிட்டாரா?" வாத்தியார் கண்ணை மூடித் திறந்தார். "அப்போ கர்மாவைப் பண்ண வேண்டியவர் நீர்தான் ஓய்."

"நானா? அனந்து அண்ணா இருக்காரே. மூத்தவர்."

"நான் ஒரு தலைமுறை தள்ளிடா," என்றார் அனந்து அண்ணா அவசரமாக. "ஹரிக்கு நீதான் கிட்டத்துப் பங்காளி. கொடுத்துவெச்சவன்."

"தந்தியோ கடுதாசியோ, பத்து நாள்னு ஊருக்குச் சொல்லியாச்சு. நடுவுல குறைச்சா போனவர் திண்டாடிப் போவார்," என்றார் வாத்தியார். "தினம் காலம்பற தர்ப்பணம். பத்தாம் நாள் கரமனை ஆத்தங்கரையில க்ஷவரம். மீசையையும் எடுத்துடணும், கேட்டேளா?"

கச்சேரியில் சேஷய்யருக்கு ஏதாவது மரியாதை இருந்ததென்றால் அது அந்த மீசைக்குத்தான். அவர் அதைத் தடவிக்கொண்டே நின்றார். ரங்கூனில் ஏதோ ஒரு வீட்டில் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கக்கூடிய ஒரு மனிதனுக்கு அன்றிலிருந்து தினமும் எள்ளும் தண்ணீரும் விடப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை. துக்கம் விசாரிக்க எந்தத் தடையும் இல்லாத நாள். ஆனாலும் அனந்து அண்ணாகூட எட்டிப் பார்க்கவில்லை. சேஷய்யருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒன்பது மணியாயிற்று, பத்து மணியாயிற்று. கூடத்தைப் பினாயில் விட்டு மூன்று தடவை கழுவினார். கந்தகம் போட்டுப் புகைத்தார். சூடாமணி கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓடிக் களைத்தாள். அவள் கைகளில் கரப்பான் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துச் சேஷய்யர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் அலுத்துப்போச்சு சீதா. இனிமே வரமாட்டா."

"அப்படித்தான் இருக்கணும்," என்றாள் சீதாலக்ஷ்மி. அவளும் அன்றுதான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கே வந்துவிட்டார்கள். அடுத்த தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள். ஐம்பது பேருக்குக் குறையாது. கூடம் நிரம்பி, நடை நிரம்பி, கொல்லைப்புறக் கிணற்றடிவரை துக்கம் போயிற்று. கைக்குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு. அவற்றில் ஒன்று சாமான் அறைக் கதவில் நாக்கை வைத்தது. சேஷய்யர் அந்த இடத்தைத் தைலம் தொட்டுத் துடைத்தார்.

அன்று மத்தியானம் அனந்து அண்ணாவைத் தனியே அழைத்துக் கேட்டார். "அண்ணா, நம்ம தெருவுக்கு அம்மை குத்தறவர் இந்த மாசம் வரணுமே, வந்தாரா? குழந்தைக்கு இன்னும் நாலஞ்சு நாள்ல குத்தலாம்."

"யாரு, சுவாமிதாஸா? அவன் இந்தப் பக்கமே வரலையாம். பேட்டையில மும்முரமாம்," என்றார் அனந்து அண்ணா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு வைசூரி இருந்தால் போதும் என்று நினைத்தபோது சேஷய்யர் சாமான் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று மறுபடியும் போய்ப் பார்த்தார். கடைசி ஆயுதத்தை எடுத்தே தீர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, கூடத்தின் நடுவில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லார் கிட்டயும் ஒரு கார்யம் சொல்லணும். ஹரிஹரன் போனது வைசூரியில."

நாகலக்ஷ்மி மாமி பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"மாரடைப்புன்னு சொன்னியே," என்றார் அனந்து அண்ணா.

"வைசூரி வந்து மாரடைச்சுது. அவர் போட்டுண்டிருந்த துணிமணியெல்லாம் பார்சல்ல வந்திருக்கு. இந்த ஆத்துக்குள்ளதான் வெச்சிருக்கேன். குழந்தை குட்டிகளை வெச்சுண்டிருக்கறவா போயிடறது நல்லது. நான் தப்பா நெனைச்சுக்க மாட்டேன்."

ஐம்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதோ எழுந்திருக்கப் போகிறார்கள் என்று சேஷய்யர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். யாரோ ஒருவர் எழுந்துகூட விட்டார். அவர் தெருக்கதவின் இடுக்கு வழியாக ஒருதரம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இதைக் கேட்டப்புறம் உன்னைத் தனியா விட்டுட்டுப் போக முடியுமாடா?" என்று தழுதழுத்தார் அனந்து அண்ணா. "வந்தா எல்லாருக்கும் வரட்டும். நாங்க இருக்கோம்."

"நாங்க இருக்கோம்," என்றது கூடம்.

இவ்வளவு அன்பைச் சேஷய்யர் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய்ச் சாவுக்கு உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கும் மனிதர்களைக் கிருமி மூட்டைகளாக நினைத்தோமே என்று ஒரு நிமிஷம் வெட்கப்பட்டார். அடுத்த நிமிஷம் யாரோ தும்மினார்கள். வெட்கம் போய்விட்டது. அன்று சாயங்காலம் நாகலக்ஷ்மி மாமி வேப்பிலையும் மஞ்சளும் கொண்டுவந்து கூடத்தில் அம்மனுக்கு ஒரு மூலை ஒதுக்கினாள். மறுநாளிலிருந்து துக்கத்தோடு பாட்டும் சேர்ந்துகொண்டது.

இப்படியே பத்தாம் நாள் வந்தது. சனிக்கிழமை. சூடாமணிக்குக் கரப்பான் முழுக்க ஆறி, தோல் பளிச்சென்று இருந்தது. ஜுரம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. சாமான் அறையில் புளிப் பானைக்குப் பக்கத்தில் பத்து நாள் குடித்தனம் பண்ணிய குழந்தையைக் கிருமிகூடத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது.

விடிந்ததும் சேஷய்யர் வாத்தியாரோடு கரமனை ஆற்றுக்குப் போனார். தலையும் மீசையும் போயின. ஹரிஹரனைக் கடைசித் தடவையாகக் கரையேற்றிவிட்டு, ஈர வேஷ்டியோடு தெருமுனையில் திரும்பினபோது மணி ஒன்பது இருக்கும். பத்து நாளில் அந்த வேளையில் அவர் தம் தெருவை வெளியிலிருந்து பார்ப்பது அதுவே முதல் தடவை.

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு பக்கச் சிறகிலும் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. நட்டநடுவில் காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர், கையில் சின்னத் தகரப் பெட்டியும் கக்கத்தில் ரிஜிஸ்டருமாக, ஒவ்வொரு பூட்டாகப் பார்த்துக்கொண்டு நின்றார். சேஷய்யர் ஓட்டமாக ஓடினார்.

"ஓய், நீர்தானே அம்மை குத்தற சுவாமிதாஸ்? பேட்டையில இருக்கறதா சொன்னாளே."

"பேட்டையா? பத்து நாளாட்டு இந்தத் தெருவுலதான் கேறி இறங்கிட்டு இருக்கேன் சாரே," என்றார் சுவாமிதாஸ். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை மட்டும் வேதக் கோயிலுக்குப் போனேன். பாக்கி நாளெல்லாம் காலத்த எட்டரைக்கு வந்துருவேன். ஒரு வீட்டுலயும் ஆளு இல்ல."

"என் குழந்தைக்குக் குத்தணும். கரப்பான் ஆறியாச்சு, டாக்டரும் சொல்லிட்டார். இதோ, இதுதான் நம்மாம். உள்ள வாரும்."

சுவாமிதாஸ் வீட்டைப் பார்த்தார், பிறகு சேஷய்யரின் மொட்டைத் தலையைப் பார்த்தார். "உள்ள வேண்டாம் சாரே. பிள்ளைய வெளிய எடுத்துட்டு வாங்க. இங்ஙனயே குத்திருவோம்."

சேஷய்யர் தெருக்கதவைத் தள்ளித் திறந்து, "சீதா, குழந்தையைத் தூக்கிண்டு வெளியில வா," என்று குரல் கொடுத்தார். கூடத்திலிருந்த ஐம்பது தலைகளும் திரும்பின. திறந்த கதவு வழியே தெருவும், தெருவில் நின்ற காக்கிச் சட்டையும் நன்றாகத் தெரிந்தன. பாட்டு நின்றது. சீதாலக்ஷ்மி கூட்டத்தை விலக்கிக்கொண்டு சூடாமணியோடு வெளியே வந்தாள்.

எதிர்வீட்டுப் பூட்டின கதவுக்கு முன்னால், படியில், சூடாமணியை மடியில் வைத்துக்கொண்டு சேஷய்யர் உட்கார்ந்தார். சுவாமிதாஸ் பெட்டியைத் திறந்து, ஊசியைச் சுட்டுத் துடைத்து, அந்தச் சின்னக் கையில் இரண்டு இடத்தில் கீறி மருந்தை வைத்தார். குழந்தை வீறிட்டது. சேஷய்யரும் அழுதுவிட்டார். தம்பி போனதிலிருந்து நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு பாரம் அந்த நிமிஷத்தில் இறங்கினமாதிரி இருந்தது. மீசை போனது, தலை போனது, பத்து நாள் சோறு போனது எதுவும் அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

குழந்தையின் அழுகை தெருவெல்லாம் கேட்டது. அதே சமயம் எதிரே அவருடைய வீட்டுக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. உள்ளே மேல் தாழ்ப்பாள் விழுந்தது, கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது, குறுக்குக் கட்டையும் விழுந்தது. எதையோ கனமாக இழுத்துக் கதவுக்குப் பின்னால் வைக்கிற சத்தமும் கேட்டது. பத்து நாளாகச் சேஷய்யர் ஆசைப்பட்டது நடந்தது. அந்த வீட்டுக்குள் இனி ஒருவரும் நுழைய முடியாது.

"அனந்து அண்ணா, கதவைத் திறங்கோ, நான்தான்," என்று கூப்பிட்டார். பிறகு சுவாமிதாஸ் பக்கம் திரும்பினார். "என்ன ஓய் இது, என் ஆத்துல துக்கம் கேக்க வந்தவா என்னையே வெளியில வெச்சுக் கதவைச் சாத்திண்டுட்டாளே?"

சுவாமிதாஸ் ரிஜிஸ்டரைப் பிரித்து, அந்தத் தெருவின் பக்கத்தில் முதல் பெயராகச் சூடாமணியின் பெயரை எழுதினார். ஊசியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அவங்க துக்கம் கேக்க வந்தவங்க இல்ல சாரே, எனக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கவங்க, எழவு வீட்டுக்குள்ள நான் ஊசியோட கேறமாட்டேன்னு இந்தத் தெருவுல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது."